"ஹல்லு ஹல்லுன்னாங்க அக்கா": தாய்-சேய் பல் ஆலோசனையை யார் சரிபார்க்கிறார்கள்?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது; கன்னடம் இன்னும் பிடிபடவில்லை. பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். போன மாதம் 9-ஆம் தேதி செக்கப்புக்கு அவளோடு நானும் போனேன். எடை, பிபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. கடைசியில் நர்ஸ் நாலைந்து நிமிடம் கன்னடத்தில் பேசினார். இவள் "சரி மேடம், சரி மேடம்" என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "இரும்பு மாத்திரை போடச் சொன்னாங்க. அப்புறம் என்னவோ ஹல்லு ஹல்லுன்னாங்க அக்கா."

ஹல்லு என்றால் பல். அவளுக்குத் தேவையான பேச்சு அதுதான். பதிவேட்டில் கவுன்சிலிங் கொடுத்தாயிற்று என்று டிக் விழுந்திருக்கும்.

முதலில் எது எந்தத் திட்டத்தில் வருகிறது என்று பார்த்துவிடலாம். மாதாமாதம் 9-ஆம் தேதி நடக்கும் இலவச செக்கப், 2016-இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தைச் சேர்ந்தது. நாலாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை போகலாம். 9-ஆம் தேதி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். வாய் நலத்துக்கென்று 2014 முதல் தனி தேசியத் திட்டம் இருக்கிறது. ஆயுஷ்மான் சுகாதார மையங்களுக்கு வகுத்த 12 வகைச் சேவைகளில் அடிப்படைப் பல் கவனிப்பும் ஒன்று. குழந்தைகளுக்கு, 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை ஒரு குழு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய 30 கோளாறுகளின் பட்டியலில் பல் கோளாறும் அண்ணப் பிளவும் உண்டு. அந்தக் குழுவில் இரண்டு ஆயுஷ் டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட் வருவார்கள். பல் டாக்டர் கிடையாது. ஆகவே சொத்தையைக் கண்டால் மேலே அனுப்புவதும், அம்மாவிடம் விளக்கிச் சொல்வதும்தான் அவர்கள் வேலை. பேச்சு சரியில்லை என்றால் பாதி வேலை போச்சு.

அந்தப் பேச்சில் என்ன இருக்க வேண்டும்? கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வரலாம். அதற்காகத் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பிரஷ்ஷை எடுத்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். மாசமாக இருக்கும்போது பல்லில் கை வைக்கவே கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது தப்பு. வலியோ சீழோ இருந்தால் எந்த மாதத்திலும் காட்ட வேண்டும். தள்ளிப்போடக் கூடிய வேலைக்கு 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். கர்ப்பம் என்பதை மட்டும் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு முதல் பல் வந்ததிலிருந்து அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடக் கூடாது. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்பார்கள். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும்.

சரி, இதெல்லாம் ஒழுங்காகச் சொல்லப்படுகிறதா என்று யார் பார்ப்பது? அரசு மருத்துவமனைகளுக்கும் நகர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தேசிய தர உறுதி நெறிகள் இருக்கின்றன. மதிப்பிட வருபவர் நாலு வழியில் பார்ப்பார்: நேரில் கவனிப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் சொல்வதும் நோயாளி உரிமை என்ற பிரிவில் பார்க்கப்படுகிறது.

இந்த நாலில் பதிவேடுதான் சுலபம். ஆனால் அதில் இவள் தலையாட்டியது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஆள் நின்று கவனித்தால் அன்றைக்கு நர்ஸ் நன்றாகவே பேசுவார். யாராக இருந்தாலும் அப்படித்தான். என் கணக்கில் உருப்படியான சோதனை, வெளியே வரும் அம்மாவை நிறுத்தி "என்ன சொன்னாங்க, வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்று கேட்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆஷா என்று அழைக்கப்படும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் அக்காவின் வருகைகளும் இதே மாதிரிதான் எண்ணப்படுகின்றன. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் 42 நாளுக்குள் ஆறு முறை, பிறகு 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில். ஊக்கத்தொகை வருகைக்குத்தான், அம்மா மனதில் என்ன நின்றது என்பதற்கு இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று அலைகிறார்கள். மேற்பார்வையாளர் மாதத்துக்கு நாலைந்து வீட்டுக்கு அவர்களோடு போய், முதல் பல் முளைக்கும் அந்த 6, 9-ஆம் மாத வருகையில் பல்லைப் பற்றிப் பேசினார்களா என்று பார்த்தாலே நிறைய மாறும்.

நம் பக்கமும் செய்யக் கூடியது உண்டு. கன்னடம் தெரியாது என்றால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெங்களூரில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் நர்ஸே திருத்துவார். குறை இருந்தால் கர்நாடகத்தின் 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம். 'மேரா அஸ்பத்தால்' கருத்துக்கேட்பில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியாக இருந்தால், போனில் வரும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். நோயாளியைக் கேட்பது என்பதில் அதுவும் சேர்த்தி.

அவளை அடுத்த வாரமே விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். தாய் கார்டை (கர்ப்பகாலப் பதிவு அட்டை) எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடுகிறது.