ஃபெஸ் என்றால் என்ன? தமிழில் அதன் பெயர் துருக்கித் தொப்பி

விளிம்பு கிடையாது. மேலே போகப் போகச் சற்றே குறுகி, தட்டையான உச்சியில் முடியும் சிவப்புக் கம்பளித் தொப்பி. உச்சியின் நடுவிலிருந்து கருப்புப் பட்டுக் குஞ்சம் ஒன்று தொங்கும். இதுதான் ஃபெஸ். பழைய தொப்பிகளைச் சேகரித்து அணிகிறவர்கள் தமிழில் எழுதும்போதும் 'ஃபெஸ் தொப்பி' என்றே எழுதிவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நம்மிடம் புழங்கிய பெயர் ஒன்று இருக்கும்போது, அது மறந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் சொல்லின் ஊர். மொராக்கோவில் ஃபெஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது. இந்தச் சிவப்புத் தொப்பிக்கும் அதன் சாயத்துக்கும் பேர்போன ஊர் அது. ஊர்ப்பெயரே தொப்பிக்கும் ஆகிவிட்டது. எகிப்திலும் சிரியாவிலும் இதையே தர்பூஷ் என்பார்கள். பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை, 'போஷ்' என்றால் மூடுவது. அந்த சர்போஷ்தான் துருக்கி மொழி வழியாக அரபுக்குப் போய் தர்பூஷ் ஆனது. துனிசியாவின் ஷஷியா இதற்கு உறவுதான், ஆனால் உயரம் குறைவு, மென்மையானது, தலையோடு ஒட்டி உட்காரும். ஹைதராபாத்தில் ரூமி டோபி என்றார்கள். ரூம் என்பது ரோம். கிழக்கு ரோமப் பேரரசு ஆண்ட மண் என்பதால் துருக்கிக்கு அந்தப் பெயர்.

மொராக்கோ நகரத்தின் தொப்பி எப்படித் துருக்கித் தொப்பி ஆயிற்று? துருக்கியை ஆண்ட உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் பழைய ஜானிசரிப் படையைக் கலைத்துவிட்டுப் புதுப் படை திரட்டினார். அதற்கு இந்தத் தொப்பியைக் கொடுத்தார். 1829இல் அரசு ஊழியர்களும் தலைப்பாகையை விட்டு இதற்கு மாற வேண்டும் என்று ஆணை வந்தது. விளிம்பு இல்லாததால் தொழுகையில் நெற்றி தரையில் படும். தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை. பேரரசின் அடையாளமாக அது உலகம் முழுக்கப் போனது. அப்புறம் அதே துருக்கியில் 1925 நவம்பரில் தொப்பிச் சட்டம் கொண்டுவந்து குடியரசை நிறுவிய அத்தாத்துர்க்கின் அரசு அதைத் தடை செய்தது. எகிப்தில் 1952 புரட்சிக்குப் பிறகு வழக்கொழிந்தது.

சரி, தமிழுக்கு எப்போது வந்தது? இந்த இடத்தில் இலங்கையைப் பேசாமல் இருக்க முடியாது. பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தளபதி ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை அங்கே இருந்தார். அவரும் தோழர்களும் அணிந்திருந்த தொப்பி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்களான சோனகர்களிடம் பரவியது. கல்யாண மாப்பிள்ளையின் தலையிலும் அது ஏறியது. 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் இந்தத் தொப்பியோடு உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, தலைமை நீதிபதி லேயார்டு அதற்கு இடம் தரவில்லை. சோனகர்கள் பொங்கி எழுந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானையில் பெரிய கண்டனக் கூட்டம் நடந்தது. பின்னால் தொப்பியோடு வாதாட அனுமதியும் கிடைத்தது. ஒரு சமூகம் தன் மானமாக நினைத்துப் போராடிய பொருள் அது. அதை அவர்கள் தமிழில் சொன்ன பெயர் துருக்கித் தொப்பி.

தமிழ்நாட்டிலும் இதே பெயர்தான். அதனால் 'செங்குல்லாய்', 'குஞ்சமுடி' என்று புதிதாக எதையும் ஆக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தொப்பி, குல்லா இரண்டுமே வடக்கேயிருந்து வந்த சொற்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் எப்போதோ நம் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன. குல்லா என்றதும் தலையோடு ஒட்டிய மெல்லிய துணிதான் நினைவுக்கு வரும். விறைப்பாக நிற்கும் இதற்குத் தொப்பியே பொருத்தம்.

பழைய தொப்பி ஒன்று கையில் கிடைத்தால் உள்ளே திருப்பிப் பாருங்கள். நெற்றி படும் இடத்தில் சுற்றிலும் தோல் பட்டை இருக்கும். வியர்வை ஊறிக் கறுத்திருக்கும். எகிப்தியத் தொப்பியானால் காற்றோட்டத்துக்காக உள்ளே வைக்கோல் பின்னல் வைத்திருப்பார்கள். கம்பளியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நசுங்கியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். சூடேற்றிய பித்தளை அச்சில் ஈரக் கம்பளியை மாட்டி அழுத்தித்தான் அந்த விறைப்பை வரவழைப்பார்கள். கெய்ரோவின் கூரிய்யா பகுதியில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. மடிக்காமல் வட்டப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வையுங்கள்.

பெட்டியின் மேல் பெயர் எழுதும்போது பொதுவாகத் துருக்கித் தொப்பி என்று எழுதுங்கள். கெய்ரோவிலிருந்து வந்ததானால் பக்கத்தில் தர்பூஷ் என்றும், துனிஸிலிருந்து வந்ததானால் ஷஷியா என்றும் சேர்த்துக்கொள்ளலாம். தொங்கும் நூல்கட்டுக்கு மட்டும் வேறு சொல் தேட வேண்டாம். அது குஞ்சம். ஜடையில் தொங்கும் அதே குஞ்சம்.