கேட்காத காது ஏன் கூடுதலாக ஆடுகிறது?

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது அப்பத்தா உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. கயிறே சேதி சொல்லிவிடும். வாளி கல்லிடுக்கில் சிக்கினால் கயிறு கொஞ்சம் இழுபட்டு நின்றுவிடும். பளுவே இல்லாமல் சரசரவென்று வந்தால் வாளி அறுந்துவிட்டது. பாதாளக்கரண்டியைத் தேட வேண்டியதுதான்.

நடுக்காதிலும் கிட்டத்தட்ட இதே கதை. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் கோத்திருக்கின்றன. கடைசியில் உள்ள அங்கவடி சுமார் 3 மி.மீ.தான், உடம்பிலேயே சின்ன எலும்பு. அது உட்காதுத் திரவத்தை அசைத்தால்தான் நமக்குச் சரியாகக் கேட்கும். ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில் அங்கவடி இறுகிப்போகும். தலையில் அடிபட்டாலோ, நாள்பட்ட சீழாலோ எலும்புத் தொடர் விட்டுப்போவதும் உண்டு. இரண்டிலும் காது மந்தம்தான். செவிப்பறை பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்தால், ஆடியோகிராமை (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) மட்டும் வைத்து எது காரணம் என்று பிரிப்பது கஷ்டம்.

இங்கேதான் லேசர் உதவுகிறது. காதுக்குள் ஒலியை விட்டு, செவிப்பறையில் சுத்தியின் நுனி ஒட்டியிருக்கும் புள்ளியில் மெல்லிய லேசரைப் பாய்ச்சுகிறார்கள். செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நெருங்கும்போது கீச்சென்றும் கடந்ததும் தணிந்தும் கேட்கும் அல்லவா? 1842இல் டாப்ளர் சொன்னது அதன் அடிப்படை. ஆடும் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண்ணும் அப்படித்தான் மாறும். மாற்றமோ அற்பம். சிவப்பு லேசர் ஒளி நொடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. செவிப்பறை நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் நகர்ந்தாலும் அதில் மாறுவது ஏறத்தாழ 3,160தான். அதனால் காதுக்கு அனுப்பாத ஒரு கதிரோடு இதைக் கலக்கிறார்கள். சுருதி விலகிய இரண்டு நாதஸ்வரங்களில் எழும் விம்மல் போல, அந்த வித்தியாசம் மட்டும் தனியே தெரிந்துவிடும். நானோமீட்டர் அசைவும் தப்பாது.

அங்கவடி இறுகியிருந்தால் செவிப்பறையின் ஆட்டம் கொஞ்சம்தான் குறையும்; மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கும். சுத்தியே இறுகியிருந்தால் நன்றாகக் குறையும். தொடர் அறுந்திருந்தாலோ, இயல்பைவிட அதிகமாக ஆடும். அறுந்த கயிறு!

இன்னொரு ஏமாற்றுப் பேர்வழியும் உண்டு. உட்காதில் உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றை மூடியிருக்கும் எலும்பு திறந்திருந்தால், ஆடியோகிராமில் அது ஓட்டோஸ்கிளிரோசிஸ் போலவே தெரியலாம். ஆனால் செவிப்பறை இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ ஆடும். இது தெரியாமல் அங்கவடியில் அறுவை செய்தால் பலன் இருக்காது.

நல்ல காதுகளே ஆளுக்கு ஆள் வேறு அளவில் ஆடும் என்பதால், லேசர் காட்டும் எண்ணை ஆடியோகிராமோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். இன்னமும் இது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கருவிதான்.