நிறப்பொடியும் பிள்ளைகளின் துறுதுறுப்பும்: சவுத்தாம்ப்டனில் அளந்து பார்த்தார்கள்

கேசரி கிண்டும்போது ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். நிறப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் போட்டால் கலக்கவே வேண்டாம். பொடி விழுந்த இடத்திலிருந்து ஆரஞ்சு இழைகள் இறங்கி, சற்று நேரத்தில் டம்ளர் முழுக்கப் பரவிவிடும். பொடி தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் நிறம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆரஞ்சுக்குப் பெரும்பாலும் காரணம் சன்செட் யெல்லோ, டார்ட்ரசின் போன்ற செயற்கைச் சாயங்கள்.

இவை அசோ சாயங்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு பாலம் போல மூலக்கூறின் நடுவில் இருக்கும், அதன் இரு பக்கமும் கார்பன் வளையங்கள். இந்த அமைப்பு ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால்தான் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் தெரிகிறது. ஓரங்களில் ஒட்டியிருக்கும் சல்போனேட் தொகுதிகள் சாயத்தைத் தண்ணீரில் சுலபமாகக் கரைய வைக்கின்றன. அதே தொகுதிகளால் சாயம் முழுசாகக் குடல் சுவரைத் தாண்டுவது குறைவு. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரஜன் பாலத்தை உடைத்துவிடும். உடைந்த சிறு துண்டுகள் ஓரளவு இரத்தத்துக்குள் போகின்றன.

சரி, இதற்கும் பிள்ளைகள் ஓரிடத்தில் உட்காராமல் குதிப்பதற்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்வியை 1970களில் பெரிதாகக் கிளப்பியவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைங்கோல்டு. செயற்கை நிறங்களையும் சுவையூட்டிகளையும் நிறுத்தியதும் பல பிள்ளைகள் அமைதியானதாக அவர் சொன்னார். ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் பின்பற்றினார்கள். ஆனால் அப்புறம் கவனமாகச் செய்த சோதனைகளில் அவர் சொன்ன அளவுக்குப் பலன் தெரியவில்லை.

ஏன் இந்த முரண்? பெற்றோரின் கண்ணை மட்டும் நம்பி இதை அளக்க முடியாது என்பதுதான் முக்கியக் காரணம். 1994-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. தங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேரிடம், "உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கலந்த பானம் கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் ஒரு பிள்ளைக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பூட்டிதான். ஆனாலும் அந்த அம்மாக்கள் தங்கள் மகன் அதிகமாகத் துள்ளுவதாக எழுதிக்கொடுத்தார்கள். பிள்ளையின் பக்கத்திலேயே நின்றார்கள், குறையும் அதிகமாகச் சொன்னார்கள். பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் எந்தத் தாயும் இப்படித்தான் பார்ப்பாள். அது தப்பில்லை, ஆனால் அது அளவீடு ஆகாது.

2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சவுத்தாம்ப்டன் ஆய்வை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு 3 வயதுக் குழந்தைகள் 153 பேரையும், 8-9 வயதுப் பிள்ளைகள் 144 பேரையும் சேர்த்துக்கொண்டது. நோயாளிகளைத் தேடிப் பிடிக்கவில்லை, ஊரில் உள்ள சாதாரணப் பிள்ளைகள்தான். முதலில் அவர்கள் சாப்பாட்டிலிருந்து சோதிக்கவிருந்த சாயங்களையும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேட்டையும் நிறுத்தினார்கள். பிறகு ஆறு வாரம் தினமும் வீட்டில் பழச்சாறு. சில வாரம் அதில் இரண்டு விதச் சாயக் கலவைகளில் ஒன்று இருக்கும், சில வாரம் வெறும் சாறு. இரண்டுக்கும் நிறத்திலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது. எந்த வாரம் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது, வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து யார் எழுந்து ஓடுகிறார்கள், யார் குறுக்கே பேசுகிறார்கள் என்று குறித்த பார்வையாளர்களுக்கும் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்குக் கணினியில் கவனத்தைச் சோதிக்கும் தேர்வு ஒன்றும் உண்டு. இதையெல்லாம் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள்.

3 வயதுக் குழந்தைக்கு ஒரு கலவையில் கொடுத்த சாயம் மொத்தமே 20 மில்லிகிராம், கூடவே 45 மில்லிகிராம் பென்சோவேட். முடிவு: கலவை குடித்த வாரங்களில் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியது. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? அதீதத் துறுதுறுப்பு உள்ள பிள்ளைக்கும் சாதாரணப் பிள்ளைக்கும் இருக்கும் இடைவெளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இரண்டு கலவைகளும் இரண்டு வயதினரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யவும் இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமும் நிறைய இருந்தது. சராசரி சிறிதாகத் தெரிந்தாலும், சில பிள்ளைகளிடம் மாற்றம் பெரிதாக இருந்தது, பலரிடம் ஒன்றுமே இல்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? அதே குழு 2010-இல் ஒரு தடயத்தை வெளியிட்டது. ஹிஸ்டமின் என்றால் அரிப்பும் தும்மலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் மூளையில் அது நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ரசாயனமும்கூட. சளிக்குக் கொடுக்கும் பழைய ஆன்டி-ஹிஸ்டமின் சிரப் தூங்க வைப்பது அதைத் தடுப்பதால்தான். இந்த ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்றின் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதில் சில வகைகள் உள்ள பிள்ளைகளிடம் சாயத்தின் விளைவு வேறுபட்டது. சாயம் உடலில் ஹிஸ்டமினை வெளிவிடத் தூண்டலாம், அதைச் சீக்கிரம் சிதைக்க முடியாத பிள்ளைக்குத் துறுதுறுப்பு கூடலாம் என்பது அவர்கள் கருத்து. இன்னும் நிரூபணம் ஆகாத விளக்கம்தான், ஆனாலும் பொருந்தி வருகிறது.

இதே ஆய்வை வைத்து நாடுகள் வேறு வேறு முடிவுக்கு வந்தன. டார்ட்ரசின், குயினோலின் யெல்லோ, சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பான்சோ 4ஆர், அல்லூரா ரெட் ஆகிய ஆறில் எது சேர்ந்த உணவானாலும் அதில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற வாசகம் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல் சட்டம். அந்த வாசகத்தோடு மிட்டாய் விற்க யார் விரும்புவார்கள்? பல கம்பெனிகள் பீட்ரூட், கேரட் நிறங்களுக்கு மாறிக்கொண்டன. அமெரிக்காவில் 2011-இல் கூடிய நிபுணர் குழு, எச்சரிக்கை வேண்டாம் என்று 8 பேரும் வேண்டும் என்று 6 பேரும் வாக்களித்ததில், வேண்டாம் என்று தீர்மானித்தது. பத்தாண்டு கழித்து கலிபோர்னியா மாநிலம் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளையெல்லாம் மறுபடி அலசி, சில பிள்ளைகளுக்குப் பாதிப்பு உண்டு என்று சொன்னது. 2027 முடிவிலிருந்து அங்கே அரசுப் பள்ளி உணவில் ஆறு சாயங்களுக்கு இடமில்லை, அந்தப் பட்டியல் ஐரோப்பாவின் பட்டியலிலிருந்து சற்று வேறானது.

ஐரோப்பாவின் முடிவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பென்சோவேட்டுக்காவது ஒரு வேலை உண்டு. புளிப்பான ஜூஸிலும் சாஸிலும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளராமல் தடுக்கிறது. நிறம் எதையும் கெடாமல் காக்கவில்லை, சத்தும் தரவில்லை. சில பிள்ளைகளுக்காவது தொந்தரவு தரும் என்றால், அதைத் தாங்கிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

ஐரோப்பா எச்சரிக்கை கேட்கும் ஆறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பான்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவின் அனுமதிப் பட்டியலில் உள்ளவை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்யக் காரணமான ரோடமின்-பி வேறு கதை. அது துணிக்குப் போடும் சாயம், உணவில் சேர்க்கவே கூடாது. அனுமதி பெற்ற சாயங்களுக்குப் பொதுவான உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அந்த வரம்பில் செய்த 200 கிராம் தின்பண்டத்தில் 20 மில்லிகிராம் இருக்கலாம், சவுத்தாம்ப்டனில் 3 வயதுக் குழந்தைக்குக் கொடுத்த அதே அளவு. வீட்டில் நாம் போடும் சிட்டிகையை யாரும் எடை போடுவதில்லை.

உங்கள் பிள்ளை இதில் சேர்த்தியா என்று தெரிய வேண்டுமா? பாக்கெட்டின் பின்பக்கம் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண்) 102, 110, 122, 124, அப்புறம் பென்சோவேட்டுக்கு 211 என்ற எண்களைப் பார்த்து இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வகுப்பு டீச்சரிடம் எதை நிறுத்தினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லாமல், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று தினமும் ஒரு வரி மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த நோட்டை இரண்டு வாரம் முடிந்த பிறகு வாங்கிப் பாருங்கள்.