அக்கவுண்டபிலிட்டி: கணக்குக் காட்டும் கடப்பாடு

உலக இணையப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஐகேன். 2022 செப்டம்பரில் அதன் 75ஆவது கூட்டம் எங்கள் கோலாலம்பூரில்தான் நடந்தது. இப்படிப்பட்ட அமைப்புகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் தவறாமல் வரும். டிரான்ஸ்பரன்ஸிக்கு 'வெளிப்படைத்தன்மை' போதும், நல்ல சொல். மலாய்க்காரர்கள் 'கெதெலுசான்' என்பார்கள். அக்கவுண்டபிலிட்டிதான் சிக்கல். மலாயில் அதை அப்படியே 'அக்கவுந்தபிலிதி' என்று எடுத்துக்கொண்டார்கள். நம்மில் பலர் 'பொறுப்பு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

அது போதாது. பொறுப்பு ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கும்போதே வந்துவிடுகிறது. அக்கவுண்டபிலிட்டி வேலை முடிந்த பிறகு வருவது: என்ன செய்தாய், ஏன் செய்தாய், சொல். 'அக்கவுண்ட்' பழைய பிரெஞ்சு வழியாக, எண்ணுதல் என்று பொருள்படும் லத்தீன் 'கம்ப்யூட்டாரே'யிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரும் அதே வேர்தான். ஆக, மூலத்திலேயே இது கணக்கு.

நமக்கும் அது கணக்குதான். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "தம்பி, போன வருஷம் பந்தலுக்கு எவ்வளவு ஆச்சு? கணக்கு எங்கே?" என்றார். 'பொறுப்பாக நடந்துகொள்ளுங்கள்' என்று கேட்டிருந்தால் பொருளாளர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். கணக்கு எங்கே என்றதும் ரசீதுக் கோப்பைத் தேடி எடுத்துவரச் சொன்னார்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஆள் எடுக்கும் விதிகள் அதில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து 'கணக்குக் காட்டாதே' போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு பிள்ளை. அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இல்லை என்று சபை பார்க்க வேண்டுமே! அது பிராமணர் சபை, ஊரார் எல்லாருக்கும் அதில் இடமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் விரித்த கை வெளிப்படைத்தன்மை, காட்டிய கணக்கு அக்கவுண்டபிலிட்டி. இரண்டையும் தனித்தனி விதியாகவே வைத்தார்கள்.

சரி, ஐகேனுக்கு வருவோம். கணக்கு என்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். 1998இல் அது தொடங்கியதிலிருந்து அந்த இடத்தில், ஒப்பந்தத்தின் வழியாக, அமெரிக்க அரசு இருந்தது. 2016 அக்டோபர் 1 அன்று அந்த ஒப்பந்தம் முடிந்தது. அப்புறம் கேட்கும் உரிமை பல தரப்பினர் சேர்ந்த சமூகத்துக்கு வந்தது. வாரிய உறுப்பினரை நீக்கவும், வரவுசெலவுத் திட்டத்தை நிராகரிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மறுபரிசீலனை மனு, சார்பற்ற மறுஆய்வு, குறைகேள் அதிகாரி என்ற வழிகளும் இருக்கின்றன.

இரண்டு சொல்லையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதை 2019 காட்டியது. டாட் ஆர்க் (.org) என்று முடியும் இணையப் பெயர்களுக்கான விலை உச்சவரம்பை எடுத்துவிடலாமா என்று ஐகேன் கருத்துக் கேட்டது. 3,000க்கு மேல் கருத்துகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே வேண்டாம் என்றன. யார் வேண்டுமானாலும் அவற்றைப் படிக்கலாம், அதுவரை வெளிப்படை. ஆனாலும் வரம்பு எடுக்கப்பட்டது. இத்தனை பேர் சொன்னதை எப்படி எடைபோட்டீர்கள் என்ற கேள்விக்குத்தான் நேரான கணக்கு வரவில்லை. 2022 டிசம்பரில் சார்பற்ற மறுஆய்வுக் குழு, முடிவெடுத்த முறை ஐகேனின் சொந்த விதிகளுக்கே பொருந்தவில்லை என்று சொன்னது.

இலங்கைத் தமிழர் வழக்கில் 'பொறுப்புக்கூறல்' ஊன்றிவிட்டது. அதில் 'கூறல்' இருப்பதால், வெறும் பொறுப்பைவிட நூறு மடங்கு மேல். கிறித்தவத் தமிழில் 'கணக்கொப்புவித்தல்' நெடுநாளாக உண்டு. நான் 'கணக்குக் காட்டும் கடப்பாடு' என்று எழுதுகிறேன், சுருக்கமாக வேண்டிய இடத்தில் 'கணக்குக்காட்டல்'. பணக் கணக்கு என்று குழம்பிவிடாதா என்று நண்பர் கேட்டார். 'உன்னிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது' என்று அம்மா கூப்பிட்டால் யாரும் காசை எடுத்துக்கொண்டு போவதில்லை.