வளங்குன்றாமை: ‘நிலைத்தன்மை’ ஏன் பொருந்தாது

உள்ளூராட்சி மன்றங்களுக்கான கையேடுகளிலும் பயிலரங்கப் பதாகைகளிலும் “சுற்றாடல் நிலைத்தன்மைக்கு உள்ளூராட்சி மன்றங்களின் ஆதரவு” என்ற தொடர் அண்மைக் காலமாக ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. இதில் வரும் நிலைத்தன்மை, சஸ்ரெயினபிலிற்றி (sustainability) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வைக்கப்பட்டது என்பது ஆங்கில மூலத்தை அறிந்தவருக்கு மட்டுமே விளங்கும். தமிழை மட்டும் அறிந்தவர் வாசித்தால், சுற்றாடல் அசையாமல் நிற்க வேண்டும் என்றும், அது நிற்பதைப் பார்த்துப் பிரதேச சபை பக்கத்தில் நின்று கைதட்ட வேண்டும் என்றும்தான் கொள்வார்.

ஆங்கிலச் சொல் இலத்தீன் வழி வந்தது. கீழிருந்து தாங்குதல், விழாமற் பிடித்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆனால் இன்றைய கருத்து வேரிலிருந்து வரவில்லை, காட்டிலிருந்து வந்தது. சக்சனி நாட்டுச் சுரங்க நிருவாகியான ஹான்ஸ் கார்ல் வொன் கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு போதாமற் போனதைக் கண்டு, காடு வளரும் அளவுக்குமேல் வெட்டலாகாது என்று 1713 இல் எழுதினார். 1987 இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணைக்குழு, வரும் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவுசெய்யும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவுசெய்வது என்று அக்கருத்தை விரித்தது. 1992 இல் ஐ.நா.வின் ரியோ சுற்றாடல் மாநாடு ஏற்றுக்கொண்ட ‘நிகழ்ச்சிநிரல் 21’ என்னும் செயற்றிட்டம், தன் 28 ஆம் அத்தியாயத்தை உள்ளூராட்சி அமைப்புகளுக்கென்றே ஒதுக்கியது. இலங்கையிலும் 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தினால் இக்கருத்து சட்ட உரு பெற்றது. சொல்லின் வரலாறு இவ்வளவு போதும். நமக்குள்ள சிக்கல் தமிழில்தான்.

‘நிலைத்தன்மை’யின் முதற்குறை அதன் ஆக்கத்திலேயே இருக்கிறது. நிலை என்பதே ஒரு தன்மையைக் குறிப்பது. அதன்மேல் இன்னொரு தன்மையை ஏற்றி வைத்ததால் சொல் நீண்டதேயன்றிப் பொருள் கூடவில்லை. இரண்டாவது குறை பெரிது. தளம்பாதிருத்தலைக் குறிக்க நாம் நெடுங்காலம் ஸ்திரத்தன்மை என்று எழுதி வந்தோம். கிரந்த எழுத்தைக் களைய விரும்பியவர்கள் அதையே நிலைத்தன்மை என்று மாற்றினார்கள். அந்த முயற்சியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அரசியல் தளம்பாமைக்கும் நிலைத்தன்மை, விலைவாசி தளம்பாமைக்கும் நிலைத்தன்மை, இப்போது கிணற்று நீர் வற்றாமைக்கும் நிலைத்தன்மை என்றால், ஒரே ஆவணத்தின் இரு பந்திகளில் இரு வேறு கருத்துகள் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொள்கின்றன. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகள் தளம்பாமைக்கு ‘உறுதிப்பாடு’ என்ற சொல்லை ஆள்வது இவ்வகையில் பாராட்டத்தக்கது.

மூன்றாவது குறையை ஊர் மண்ணில் வைத்துப் பார்த்தால் தெரியும். தாழ்ந்த வெளியொன்றில் ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு உயர்ந்துவிட்ட குப்பைமேடு நன்றாக நிலைத்தே நிற்கிறது. உக்காத பொலித்தீன் அதைவிட நிலைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மேலே கொட்டியது மழையோடு கரைந்து கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் இறங்கிவிடும். எது நிலைக்க வேண்டும், எது நிலைக்கலாகாது என்று சொல்லாத ஒரு சொல்லைக் கழிவகற்றல் திட்டத்தின் தலைப்பில் வைப்பதால் யாருக்கு என்ன விளங்கும்?

இதற்கு மாற்றாக நம் நாட்டு அரச ஆவணங்களில் வழங்கும் இரு சொற்களையும் எடைபோட வேண்டும். ‘நிலைபேறு’ பிழையற்ற ஆக்கம். பெறு என்னும் வினை முதல் நீண்டு பேறு ஆயிற்று. நிலைத்தன்மையைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் வீடுபேறு, மகப்பேறு என்று நாம் வழங்கும் சொற்களிலெல்லாம் பேறு என்பது வந்து வாய்ப்பது. சைவசமய பாடம் படித்த நம்மவர் காதில் அருளின் சாயல் இல்லாமல் அச்சொல் விழாது. கிணற்று நீர் நமக்கு வாய்ப்பதும் வாய்க்காததும் நம் செய்கையைப் பொறுத்தது என்பதை அது மறைத்துவிடுகிறது. ‘பேண்தகு’ என்பதில் பேணுதல் என்ற நல்ல வினை இருக்கிறது. ஆனால் தகு என்பது தகுதியைக் காட்டுவதால், பேண்தகு அபிவிருத்தி என்றால் பேணிக் காக்கத் தகுதியுள்ள அபிவிருத்தி என்றே பொருள்படும். நாம் சொல்ல வந்ததோ, வளத்தைத் தின்று தீர்க்காத அபிவிருத்தி. (காண் + தகு காண்டகு ஆவதுபோல இதுவும் பேண்டகு என்றே புணர வேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் எழுந்தால் அவரை மறுக்கவும் முடியாது.)

ஆகவே நான் ‘வளங்குன்றாமை’யைப் பரிந்துரைக்கிறேன். இது என் ஆக்கம் அன்று. தமிழகத்தில் சுற்றுச்சூழல் பற்றி எழுதுவோரிடையே வளங்குன்றா வளர்ச்சி, வளங்குன்றா வேளாண்மை என்று முன்னரே வழங்குவது. இதன் சிறப்பு, சொல்லே ஓர் அளவுகோலாக இருப்பதுதான். வளம் எது என்று கேட்க வைக்கிறது. குன்றியதா இல்லையா என்று அளக்க வைக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்கால ஆறே. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை நிலத்துள் இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. தோட்டக்காரர் கிணற்றை ஊறவிட்டு இறைத்த வரைக்கும் அந்தப் படை தாக்குப்பிடித்தது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபின், ஊறுமுன் இறைத்த கிணறுகள் பல சவராயின. கார்லோவிட்ஸ் காட்டுக்குச் சொன்னதைத்தான் ஊறவிட்டு இறைப்பவர் கிணற்றுக்குச் செய்தார். அந்த வழக்கத்தை ‘நிலைத்தன்மை’ என்று சொன்னால் அவருக்கே புரியாது. ‘வளம் குன்றாமல் இறைப்பது’ என்றால் மறுபேச்சில்லாமல் தலையசைப்பார்.

எதிர்மறைச் சொல் திட்டத்தின் தலைப்புக்கு ஆகாது என்று சிலர் தடை சொல்வர். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று குறளின் அதிகாரங்களுக்கே எதிர்மறைப் பெயர்கள் இருக்கையில் இது நிற்காத தடை. பெயராக வளங்குன்றாமை, அடையாக வளங்குன்றா, வினையோடு வரும்போது வளங்குன்றாது என்று எவ்வகை வாக்கியத்திலும் அது இசைந்து நிற்கும். நிலைத்தன்மையை வினையோடு சேர்க்க முனைந்தவர்கள்தான் ‘நிலைத்தன்மையான முறையில் மேற்கொள்ளுதல்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதரவு என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. ஆதரவு என்பது பிறர் செய்யும் காரியத்துக்கு அளிப்பது. தேர்தலில் வேட்பாளருக்கு அளிப்பதுபோல. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் கழிவகற்றலும், ஊர் வீதிகளும், பொதுச் சுகாதாரமும் சபையின் சொந்தப் பொறுப்புகள். சோலைவரி வாங்கும் சபை தன் கடமையைச் செய்வதற்குப் பெயர் ஆதரவு அன்று. ஆங்கிலத்தில் மென்மைக்காக இட்ட சொல்லை அகராதியைப் பார்த்து இறக்கிவைத்த மொழிபெயர்ப்பாளர், தம்மை அறியாமலே சபையைப் பார்வையாளராக்கிவிடுகிறார். “வளங்குன்றாமல் காக்கச் சபை செய்ய வேண்டியவை” என்று தலைப்பிட்டால் கீழே எழுத வேண்டியதும் தானாகத் தெளிவாகும்: உக்கும் கழிவை வீட்டிலேயே பிரித்து வாங்கிக் கூட்டெருவாக்குதல், வெள்ள வாய்க்கால்களை அடைபடாமல் வைத்து மழைநீரைக் குளங்களுக்குத் திருப்புதல், கட்டட அனுமதி கொடுக்கும்போது மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை வரைபடத்தில் மட்டுமன்றி வளவுக்குள்ளும் சென்று அளத்தல், குளத்தை நிரவி எழும் கட்டடத்துக்கு அனுமதி மறுத்தல். மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என யாழ் மாவட்டத்தின் 17 மன்றங்களுக்கும் இவை புதிய வேலைகள் அல்ல. கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி, தமிழை அச்சுக்குப் போகும் நாளில் நினைத்துக்கொள்ளும் ஆவணங்களால்தான் பழைய வேலைகள் புரியாத பெயரில் வந்து சேர்கின்றன.

வளங்குன்றாமை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. கடனைப் பற்றிய அறிக்கையில் அதைப் போட்டால் நகைப்புக்கிடமாகும். அங்கே ‘கடன் தாங்குதிறன்’ என்பது போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சட்டங்களின், அமைச்சுகளின் பெயர்களில் ஏற்கெனவே பதிந்துவிட்ட நிலைபேற்றையும் பேண்தகுவையும் மேற்கோள் காட்டும்போது உள்ளபடியே எழுதுவதுதான் முறை. சபைகள் தாமே எழுதும் துண்டுப்பிரசுரங்களிலும் பாதீட்டு உரைகளிலும் அறிவித்தற் பலகைகளிலுமாவது சொல்லை மாற்றிக்கொள்ள அவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.