குப்பைக் கிடங்கைச் சுற்றிய புறம்போக்கு: தடைப் பலகையை நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை

இராமநாதபுரம் கடற்கரை ஊர் ஒன்றில், பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட மேட்டைச் சுற்றி, "இங்கு கால்நடை மேய்க்கவோ நீர் எடுக்கவோ கூடாது" என்று ஒரு பலகை நடப்பட்டது. அதில் நாளும் இல்லை, ஆணை எண்ணும் இல்லை, வைத்தது எந்த அலுவலகம் என்பதும் இல்லை. சற்றுத் தள்ளி, மணல் ஊற்றில் சிரட்டையால் நீர் கோரிக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "பலகைய நட்டவுக பக்கத்துல ஒரு குழாய நடலையே தம்பி" என்றார்.

விதி சுருக்கமானதுதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேற்பட்ட திறனுள்ள கிடங்கைச் சுற்றி இடைவெளி விட வேண்டும் என்றும், அந்த இடைவெளி கிடங்கின் மொத்தப் பரப்புக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றும் வகுத்தன. ஊர் ஆடுகள் மேயும் மேய்க்கால் புறம்போக்கை இடைவெளிக் கணக்கில் சேர்த்திருந்தால், அது எந்த ஆண்டு விதியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் குப்பை நிரப்பும் இடமே கூடாது என்பதும் அதே விதிகளில் இருந்தது. கேட்டால் மட்டுமே இது அலுவலர்களின் நினைவுக்கு வரும்.

இனி அலைச்சல். நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கும், மேய்ச்சல் தரையின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது ஊராட்சியாக இருக்கும், குப்பையோ பக்கத்து நகராட்சியுடையதாக இருக்கும், நீரைச் சோதிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமாக இருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணையும், 'அ' பதிவேட்டில் அந்த நிலம் எந்த வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் முதலில் அறிந்துகொண்டு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். "ஏன் தடுத்தீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். தடை ஆணையின் நகல், எல்லை வரைபடத்தின் நகல், நிலத்தடி நீர்ச் சோதனை அறிக்கைகளின் நகல் என்றே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தமக்கு உரியதல்லாத மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, ஆதலால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பது பதிலாகாது.

நீர்ச் சோதனையில் பலர் ஏமாறுகிறார்கள். ஊராட்சியில் உள்ள சிறு சோதனைப் பெட்டி உப்பையும் கடினத்தன்மையையும் காட்டும்; காரீயத்தையும் காட்மியத்தையும் காட்டாது. "கடலோரத் தண்ணீர் கரிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்புவது இப்பகுதி அலுவலகங்களில் நான் பலமுறை கேட்ட வாசகம். ஆகவே கன உலோகங்களையும் நைட்ரேட்டையும் சோதிக்கக் கோருவதை மனுவிலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். வீட்டுப் புட்டியில் நீங்களே பிடித்துக் கொடுத்த நீரை எளிதாக மறுத்துவிடலாம், அலுவலர் வந்து எடுத்த மாதிரியை அப்படி மறுக்க முடியாது.

ஆடு இறந்து இழப்பீடு கேட்கப் போனால், "பட்டா இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. புறம்போக்கில் மேய்த்தவரிடம் எப்படி இருக்கும்? 2010ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் கால்நடை இழப்பையும் இழப்பீட்டுக்குரிய இனமாகச் சேர்த்துள்ளது. ஆடு உங்களுடையது என்பதையும் அது எதனால் இறந்தது என்பதையும்தான் நீங்கள் காட்ட வேண்டும். ஆனால் நம்மவர்கள் நாற்றம் தாங்காமல் அன்று மாலையே புதைத்துவிடுகிறார்கள், அதோடு சான்றும் புதைந்துவிடுகிறது. கால்நடை மருத்துவரின் உடற்கூறு ஆய்வுச் சான்றைப் பெறாமல் புதைக்காதீர்கள். தடையை எதிர்த்துத் தீர்ப்பாயம் செல்ல 6 மாதம், இழப்பீடு கேட்க 5 ஆண்டு என்பதே காலவரை. இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்கள் இதில் கழிக்கப்படுவதில்லை.

கிராம சபையில் தீர்மானம் போடுவதாகச் சொல்லி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதுண்டு. ஓர் ஊரில் "மேய்ச்சலைத் தடுக்க வேண்டாம்" என்று கேட்டவர்களின் கையெழுத்துக்கு மேலே, "தடைக்கு ஆட்சேபணை இல்லை" என்ற வாசகம் பின்னர் ஏறியிருந்ததை நானே பார்த்தேன். தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள், அந்தப் பக்கத்தை அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.