சித்திரை வீதியை விளையாட்டாக்கும்போது கோயில் எந்தக் கைப்பக்கம்?

பிள்ளைகள் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் தங்கள் ஊரைக் கணினி விளையாட்டாக்க வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஊர் முழுவதையும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். மதுரை என்றால் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வரும் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் என எல்லாச் சதுரமும் ஒரே திரையில். திரையோ 480க்கு 360 புள்ளி அளவுதான். அதில் ஐந்து சுற்றையும் அடைத்தால் தெரு நூலாகிவிடும், நடப்பவர் எறும்பாகிவிடுவார். சித்திரை வீதிகள் நான்கு மட்டும் போதும். அங்கே வண்டிகள் ஓடுவதில்லை, ஆகவே ஆட்டோ, பஸ் வரைகிற வேலையும் மிச்சம்.

தெருவின் நீளத்தைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கோயில் வளாகம் ஏறத்தாழ 254 மீட்டருக்கு 237 மீட்டர். ஒரு பக்கம் நடக்க நிஜத்தில் மூன்று நிமிடமாவது ஆகும். ஒரு வீதிக்குத் திரையளவான ஒரே பின்னணிப் படம் வைத்து, ஒரு நகர்வுக்கு 4 புள்ளி கொடுத்தால், ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை சுழல்வதால் நாலே விநாடியில் வீதி முடிந்துவிடும். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூட நேரமிருக்காது. வீதிக்கு மூன்று பின்னணி, நகர்வுக்கு 3 புள்ளி என்று வையுங்கள். வீதிக்குப் பதினாறு விநாடி, முழுச் சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மொத்தம் 12 பின்னணிகள்.

பெரும்பாலோர் தவறுவது திசையில்தான். வலம் வருபவருக்குக் கோயில் வலக்கைப் பக்கம். தெற்குச் சித்திரை வீதியில் நின்று மதிலைப் பார்த்தபடி வரைகிறோம் என்று வையுங்கள். அப்போது வலம் வருபவர் கிழக்கிலிருந்து மேற்கே போவார், அதாவது திரையில் வலமிருந்து இடம். விளையாட்டு என்றாலே இடமிருந்து வலம் ஓடுவது என்ற பழக்கத்தில் செய்தால் ஆள் கோயிலை இடம் சுற்றிக்கொண்டிருப்பார், மதுரைக்காரர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கிழக்கு வீதியிலும் இதே சோதனை உண்டு: முதலில் கிழக்குக் கோபுரம் வர வேண்டும், அடுத்துத்தான் அம்மன் சந்நிதியின் அஷ்டசக்தி மண்டப வாசல்.

ஆள் திரையில் இடவலமாக எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லும் எண் எக்ஸ், மேல்கீழாகச் சொல்வது ஒய்; திரையின் நடுவில் இரண்டும் 0. ஆளின் எக்ஸ் மதிப்பு -235க்குக் கீழே போனதும் அடுத்த பின்னணிக்கு மாற்றி, எக்ஸை 225 ஆக்குங்கள். திரும்பி நடக்கவும் விட்டால் 235க்கு மேல் போனதும் முந்தைய பின்னணி, எக்ஸ் -225. இரண்டுக்கும் இடையே அந்தப் பத்துப் புள்ளி இடைவெளி கட்டாயம் வேண்டும்; எல்லையிலேயே கொண்டுபோய் வைத்தால் பின்னணிகள் விடாமல் புரண்டுகொண்டே இருக்கும். பன்னிரண்டாவதுக்கு அடுத்து ஸ்கிராட்ச் தானாகவே முதலாவதுக்கு வந்துவிடும். பிரதட்சிணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

வெள்ளையும் காவியுமாகப் பட்டையடித்த மதில்மேல் ஆள் ஏறிவிடாமலிருக்க, 'நிறத்தைத் தொடுகிறதா' பிளாக்கை (கட்டளைக் கட்டையை) நம்ப வேண்டாம். பூக்காரம்மாவின் சேலையிலும் அதே காவி இருந்தால் அவரும் சுவராகிவிடுவார். ஒய் மதிப்பு -60ஐத் தாண்டினால் -60ஆக்கு என்ற ஒரே வரி போதும். கோபுர வாசலில் பேச்சு வரவழைக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைப்பீர்கள். அதை 'ஹைட்' பிளாக்கால் மறைத்தால் தொடுதல் வேலை செய்யாது. மறைக்காமல், உருவத்தை மங்கவைக்கும் 'கோஸ்ட்' விளைவை 100 ஆக்குங்கள். பெட்டி தெரியாது, தொட்டால் மட்டும் உணரும்.

நடையை 'விசை அழுத்தும்போது' பிளாக்கில் எழுதினால் முதல் அடிக்குப் பிறகு ஆள் தயங்கித் தயங்கிப் போவார். நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடும் 'ஃபாரெவர்' சுழற்சிக்குள் 'விசை அழுத்தப்பட்டுள்ளதா' என்று கேட்டால் சீராக நடப்பார்.

ஸ்கிராட்ச் தளத்தில் பகிர்ந்த எதையும் மற்றவர்கள் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது அங்குள்ள உரிமம். ஆகவே சினிமாப் பாட்டு வேண்டாம், கடைக்காரர்களின் புகைப்படத்தை ஒட்டவும் வேண்டாம், வரைந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் ஆசையாகத் தங்கள் தெருவையும் வீட்டையும் சேர்த்து 'இதுதான் எங்க வீடு' என்று பெயர் எழுதிவைப்பார்கள். பகிர்வதற்கு முன் பெற்றோர் 12 பின்னணிகளையும் ஒருமுறை நடந்து பார்த்து, வீட்டு எண், பள்ளிப் பெயர், போன் நம்பர் எங்காவது இருந்தால் அழித்துவிடுங்கள்.